மீன் பெட்டிக் கூலர்

ஜெரால்டுடைய மாமியார் இன்னாசிமேரிக்குப் போனில் 'ஹலோ' சொல்லும் பழக்கம் கிடையாது. எடுத்த எடுப்பில் தீர்ப்பை வாசித்துவிடுவார்.

"நாப்பத்தியொரு வேர்க்குரு, மாப்பிள்ள. முதுகுல மட்டும். கண்ணாடி போட்டுக்கிட்டு எண்ணினேன்."

ஈஸ்டர் பாஸ்கா திருநாளுக்கு இரண்டே நாள் மரக்காணத்தில் அப்பா வீட்டுக்கு வந்து போன பேத்தியின் முதுகைப் பற்றிய அறிக்கை அது. போன் வந்தபோது ஜெரால்டு உப்பள வரப்பில் நின்றுகொண்டிருந்தான். பதினாறு வருடமாக அங்கேதான் அவனுக்கு மேஸ்திரி வேலை. சனிக்கிழமை காலை மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது. அதற்குள் வெயில் மேலேயிருந்து ஒரு தடவையும், பாத்தியில் பட்டுக் கீழேயிருந்து ஒரு தடவையுமாக அவனை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது.

"இப்போ சரியாப் போயிடுச்சுங்களா அத்த?"

"பெருமுக்கல்ல இருந்தா எல்லாம் சரியாப் போயிடும். ஏசி ஓடுதுல்ல."

பெருமுக்கல் மாமியார் வீட்டு ஏசி குவைத்தில் இருக்கும் மச்சான் வாங்கிக் கொடுத்தது. அந்த வீட்டில் மாதா படத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். பிரசவத்துக்குப் போன மனைவி ஜெசிந்தாவைக் குழந்தையோடு ஐந்தாம் மாதம் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. அந்த ஐந்தாம் மாதம் அக்னி நட்சத்திரத்தில் வந்து விழுந்தது. குழந்தை பிறந்தபோது இதை யாரும் யோசிக்கவில்லை. அதற்கு ஒன்பது மாதம் முன்னால் ஜெரால்டும் யோசிக்கவில்லை.

ஜெரால்டு வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே வர வெயிலுக்குக் கதவு தேவைப்படவில்லை. ஏசி வாங்கலாம் என்றால், கரண்ட் கம்பி வந்து சேரும் கடைசி வீடு அவனுடையது. பக்கத்து வீட்டில் சட்னி அரைத்தால் இவன் வீட்டு டியூப்லைட் கண்ணடிக்கும்.

"அடுத்த ஞாயித்துக்கிழம பூச முடிச்சிட்டு வர்றோம்" என்றார் இன்னாசிமேரி. "உங்க ரூம்ல அரை மணி நேரம் உக்காருவேன். முந்தானையால கழுத்தத் தொடைக்காம இருந்தேன்னா, புள்ளையையும் அவளையும் அங்கயே விட்டுட்டு வந்துடுறேன். ஒரு தடவ தொடைச்சாலும் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ் ஏறிடுவேன். அப்புறம் ஐப்பசி மழையிலதான்."

"அத்த, ஐப்பசிக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்குதுங்க."

"மாசம் எண்ணத் தெரியுதே, சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

ஜெரால்டு உடனே மனைவியைக் கூப்பிட்டான். "நீ ஒரு வார்த்த எடுத்துச் சொல்லக் கூடாதா ஜெசி?"

"நான் என்னாத்த சொல்றது? இங்க இருவத்திநாலுல வெச்சிட்டு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறேன். வரமாட்டேன்னு சொல்லல. வந்தா வேர்க்கும்னு சொல்றேன்." பிறகு குரலை இறக்கினாள். "நேத்து புள்ள குப்புற விழுந்துடுச்சுங்க. தானாவே."

"வீடியோ எடுத்தியா?"

"எடுத்தேன். அடுத்து தவழும், உக்காரும். எல்லாத்தையும் போன்லயே பாத்துக்குங்க."

இதை அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஜெரால்டு அன்று சாயங்காலமே கூனிமேட்டுக்குப் பைக்கை விட்டான்.

அங்கேதான் அவன் நண்பன் நியாஸ் கடை வைத்திருந்தான். மிக்ஸி, ஃபேன், செல்போன் என்று எதைக் கொடுத்தாலும் திறந்துவிடுவான். மூடுவது அவன் சௌகரியம். ஆறு வருடம் ரியாத்தில் இருந்து வந்தவன். ஜெரால்டு தன் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே நியாஸ் சிரித்துவிட்டான்.

"இவ்ளோதானா? கூலர் ஒண்ணு கட்டு. ரியாத்துல எங்க ரூமுக்கு அதான். வெளியில அம்பது டிகிரி. உள்ள போர்வைக்குச் சண்ட. வல்லா, சத்தியமா சொல்றேன் மச்சான்."

"அதுக்குள்ள என்னடா இருக்கும்?"

"நாரு. நார் மேல தண்ணி சொட்டும். ஃபேன் அந்த ஈர நார் வழியா காத்த இழுக்கும். தண்ணி காயும்போது காத்துல இருக்குற சூட்டையும் தூக்கிட்டுப் போயிடும். அவ்ளோதான் சயின்ஸு."

"மண்பானத் தண்ணி ஜில்லுன்னு ஆவுற மாதிரி."

"பானைக்கு ஃபேன் வெச்ச மாதிரி."

ஞாயிறு முழுக்க இருவரும் கட்டினார்கள். உடம்புக்கு ஒரு தெர்மாகோல் மீன் பெட்டி. லாரியில் மீன் ஏற்றுகிற பக்கிரி, மூலை உடைந்துபோன பெரிய பெட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். அதன் ஒரு முகத்தில் வட்டமாக அறுத்து, மூடிப்போன ஓட்டல் ஒன்றின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தினார்கள். மற்ற மூன்று முகங்களிலும் ஜன்னல் மாதிரி வெட்டி, தேங்காய் மட்டையைப் பிரித்த நாரை அடைத்து, கிழிந்த மீன் வலையை இரட்டையாக மடித்துக் கட்டினார்கள். பெட்டியின் அடிப்பாகமே தொட்டி; இருபத்தைந்து லிட்டர் பிடித்தது. கண்ணாடித் தொட்டியில் தங்கமீனுக்குத் தண்ணீரைச் சுழற்றிவிடும் சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஏற்ற, ஊசியால் ஓட்டை போட்ட டியூப் அதை நார் மேல் சொட்டவிட்டது. மொத்தத்தையும் படுக்கையறையின் மேற்கு ஜன்னலில் தூக்கி வைத்தார்கள். நார் முகங்கள் வெளியே, ஃபேன் முகம் உள்ளே.

சுவிட்சைப் போட்டதும் முதலில் வந்தது வஞ்சிரம். ஐந்து நிமிடம் கழித்து நெத்திலி. பெட்டி தன் வாழ்க்கை வரலாற்றை முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் வெறும் காற்று வந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஜெரால்டு அளத்திலிருந்து ஓடிவந்து பார்த்தான். வெளியே முப்பத்தொன்பது. அறையில் முப்பத்தொன்று. மேற்கேயிருந்து மேல்காற்று நெருப்பை வாரிக்கொண்டு வந்து நாரில் மோதி, உள்ளே வரும்போது மரியாதையாக நுழைந்தது. ஜெரால்டு தெர்மாமீட்டரையும் தன் பல்லையும் ஒரே ஃபிரேமில் படம் எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினான். 'பெட்டிக்குள்ள மீன் இருக்குதா?' என்று பதில் வந்தது.

ஒரு மணிக்கு மேல் அறை மறுபடி புழுங்கியது. தலையணை நசநசத்தது. நியாஸ் வந்து மோட்டாரைத் தட்டினான், டியூபை ஊதினான், பிறகு தலையைச் சொறிந்தான். "ரியாத்துல இப்படி ஆனதே இல்ல மச்சான்."

"ரியாத்துல கடல் எங்கடா இருக்குது?"

"அங்க ஏது கடல்?"

"அதான். இங்க ஒரு மணிக்குக் கடக்காத்து திரும்பிடும். அதுலயே தண்ணி இருக்குது, இந்தத் தண்ணிய அது எப்படிக் குடிக்கும்? மேக்காத்து அடிச்சாதான் பாத்தியிலயே உப்பு எறங்கும். இது மட்டும் கடக்காத்துல வேல செய்யுமா?"

சொல்லிவிட்டு ஜெரால்டுக்கே தன் அறிவின் மேல் ஒரு மரியாதை பிறந்தது. மாமியார் பூசை முடித்துப் பத்தரைக்கு வந்துவிடுவார். பதினொன்றுக்குள் உட்கார வைத்துவிட்டால் பதினொன்றரைக்குத் தேர்வு முடிந்துவிடும். கடல்காற்று வருவதற்குள் ஜெசிந்தா சமையலறையில் இருப்பாள்.

அந்த வாரம் முழுக்கக் கூலர் பகலெல்லாம் ஓடியது. வீட்டில் யாரும் இல்லாதபோதும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகட்டும் என்று ஜெரால்டு விட்டுவைத்தான். தண்ணீர் குறையக் குறைய அவனோ, அவன் சொல்லிவைத்த பக்கத்து வீட்டு ஜெயப்ரியாவோ வாளியால் ஊற்றினார்கள். குழாய்த் தண்ணீர் அந்தத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், வீட்டுக்கு இரண்டு குடம், அது குடிக்க. கூலருக்குப் போர் தண்ணீர். அந்தப் போர் தண்ணீர் கடலுக்குப் பெரியப்பா பிள்ளை முறை. அதில் குளித்தால் சோப்பு கோபித்துக்கொண்டு திரிந்துபோகும்.

வியாழக்கிழமை பார்க்க வந்த நியாஸ், வலையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதைச் சுரண்டினான். "மச்சான், தண்ணியில உப்பு ஏறிப்போச்சு. கொட்டிட்டு வேற ஊத்து."

ஜெரால்டு ஓடிப்போய், அளத்துத் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறி விளைந்திருக்கிறது என்று மிதக்கவிட்டுப் பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தான். பெட்டிக்குள் விட்டான். குழாய் எழும்பி நின்ற அளவைப் பார்த்ததும் அவன் முகத்தில், மகள் பிறந்த அன்று வந்த அதே வெளிச்சம் வந்தது.

"பதினேழு! நியாஸு, நாலே நாள்ல பதினேழு! என் பாத்தியில இதுக்குப் பத்து நாளாவும்டா!"

"அதனாலதான் கொட்டச் சொல்றேன்."

"விளையுற தண்ணியக் கொட்டச் சொல்றியே, நீயெல்லாம் மனுஷனா?"

"டேய், இது கூலர்டா."

"இருவத்தஞ்சு வந்தா உப்பு விழும். பாதி வழி தாண்டியாச்சு. இப்போ போய் எவனாவது கொட்டுவானா?"

நியாஸ் வேறு தொழிலில் இருப்பவன், அவனுக்குப் புரியாது. அளத்தில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் கொட்டுவார்கள். டீயைக் கொட்டுவார்கள், கோபத்தைக் கொட்டுவார்கள், சம்பள நாளன்று வாயிலிருந்து என்னென்னவோ கொட்டுவார்கள். உப்பு விழப்போகும் தண்ணீரை மட்டும் கொட்டமாட்டார்கள். தெரியாமல் வரப்பை மிதித்து அந்தத் தண்ணீரை வெளியே விட்டவனோடு மூன்று நாள் யாரும் பேசுவதில்லை. ஜெரால்டின் கைக்கு அந்தப் பழக்கம் மூச்சு விடுவது போல ஆகியிருந்தது. அவன் வாளியை எடுத்து, மேலே இன்னும் கொஞ்சம் போர் தண்ணீர் ஊற்றினான்.

சனிக்கிழமை அறை முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை. ஜெரால்டு ஃபேனுக்கு எண்ணெய் விட்டான். உப்பேறிக் கெட்டியான தண்ணீர் சீக்கிரம் காயாது, அளத்தில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைப் பாடம் எடுப்பவன் அவன்தான். அந்தப் பாடம் வேலையிடத்தோடு நின்றுவிட்டது. வீட்டு வாசல்படி ஏறி வரவில்லை.

ஞாயிறு பத்து நாற்பதுக்கு இன்னாசிமேரி வந்து இறங்கினார். கூடவே ஜெசிந்தா, அவள் தோளில் குழந்தை மெர்லின், ஜெசிந்தாவின் கையில் ஒரு பெரிய பை. பையைப் பார்த்ததும் ஜெரால்டுக்கு நம்பிக்கை வந்தது. மாமியார் அதைத் திறக்காமல் வாசலிலேயே வைக்கச் சொன்னதும் போய்விட்டது. நியாஸ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து ஓரமாக நின்றிருந்தான்.

"நீ யாருப்பா?"

"இதோட இன்ஜினியர், ஆன்ட்டி."

"எந்தக் காலேஜு?"

"ரியாத்."

இன்னாசிமேரி பிளாஸ்டிக் நாற்காலியில் பெட்டிக்கு நேரே உட்கார்ந்து, பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார். மணி சரியாகப் பதினொன்று. வெளியே மேல்காற்று ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. ஜெரால்டு சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டான். நியாஸும் உதட்டுக்குள் ஏதோ ஓதினான். இரண்டு மதங்களின் ஒத்துழைப்போடு ஃபேன் சுற்றியது.

முதல் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நிமிடம் குழந்தை நாக்கை வெளியே நீட்டியது. உதட்டை நக்கியது. 'ச்சப்' என்றது. கண்ணை விரித்து மறுபடி நக்கியது. நாலரை மாத வாழ்க்கையில் பாலைத் தவிர வேறெதையும் கண்டிராத ஜீவனுக்கு, உலகத்தில் இப்படியும் ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது.

இன்னாசிமேரி தன் மேலுதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தார். அங்கே மெல்லிசாக வெள்ளை பூசியிருந்தது. மீசை முளைத்தது போல.

"உப்பு" என்றார்.

நியாஸ் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"மாப்பிள்ள. ஒரு வயசு வரைக்கும் புள்ளைக்கு உப்பே காட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்குது. நீங்க ஃபேன் வெச்சு ஊட்டுறீங்களா?"

"அந்தக் காலத்து ஞானஸ்நானத்துல நாக்குல உப்பு வைப்பாங்களாம்மா" என்றாள் ஜெசிந்தா. "நம்ம வீட்டுல ஆட்டோமேட்டிக்."

"நீ வாய மூடு!" என்ற வேகத்தில் இன்னாசிமேரியின் வலது கை எழுந்தது, முந்தானையைப் பிடித்தது, கழுத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு இழு இழுத்தது. மணி பதினொன்று ஏழு. அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஜெரால்டுக்கு ஐப்பசி வரைக்குமான ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாகக் கண்முன் போயின.

"ஆன்ட்டி" என்றான் நியாஸ், வக்கீல் குரலில். "தொடைச்சது வேர்வையா, உப்பா? உப்புன்னா அது கண்டிஷன்ல வராது."

இன்னாசிமேரி அவனைப் பார்த்த பார்வையில் இஸ்திரி கலைந்தது. எழுந்து பையைத் தூக்கப் போனார். "பன்னெண்டேகாலுக்கு பஸ்ஸு. கெளம்பு ஜெசி."

ஜெசிந்தா கிளம்பவில்லை. வெளியே போய் ஜன்னலண்டை நின்று பெட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாரெல்லாம் வெள்ளைக் கட்டியாக இறுகியிருந்தது. அடியில் புத்தம் புதிய உப்பு, சதுரம் சதுரமாக மினுங்கியது.

"என்னங்க, இந்தத் தண்ணிய கடைசியா எப்பக் கொட்டினீங்க?"

"கொட்டுறதா?" என்றான் ஜெரால்டு. அந்தச் சொல்லை முதல் தடவை கேட்பவன் போல.

ஜெசிந்தாவின் ஊர் நெல் விளைகிற ஊர். உப்பு என்பது அவளுக்குப் பாக்கெட்டில் வருவது. அவள் மோட்டாரைப் பிடுங்கிப் போட்டாள், பெட்டியை ஜன்னலிலிருந்து இறக்கினாள், விளிம்பைப் பிடித்துச் சாய்க்கப் போனாள்.

"ஜெசி, ஜெசி, இரு! இருவத்தஞ்சு வந்துடுச்சு! இன்னிக்குக் காலையிலதான் விழவே ஆரம்பிச்சிருக்குது!"

"உப்பு வேணுமா, நான் வேணுமா?"

ஜெரால்டு பதில் சொல்ல இரண்டு விநாடி எடுத்துக்கொண்டான். அந்த இரண்டு விநாடியை ஜெசிந்தா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். "நீதான்" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் ஒரு வாரத்து விளைச்சல் சளசளவென்று வாசலில் ஓடும் சத்தம் கேட்டது.

நாரைத் துணி துவைக்கிற கல்லில் அடித்து உதறினார்கள். நியாஸ் டியூபின் ஓட்டைகளை ஊசியால் குத்திக் குத்தித் திறந்தான். ஜெசிந்தா சமையலறைக்குப் போய், குடிக்க வைத்திருந்த இரண்டு குடம் குழாய்த் தண்ணீரையும் தூக்கி வந்து, மறுபடி ஜன்னலில் ஏற்றிய பெட்டியில் கவிழ்த்தாள். எல்லாம் முடியப் பதினொன்று ஐம்பது.

"அம்மா, வந்து உக்காரு."

"அதான் தொடைச்சாச்சே."

"அரை மணி நேரம்னு நீதான் சொன்ன. ஏழு நிமிஷத்துல எழுந்துட்ட. பாக்கி இருபத்தி மூணு இருக்குது. சொன்ன சொல்லு சொல்லாச்சே உனக்கு."

இன்னாசிமேரி நியாயஸ்தர். அதுதான் அவரிடம் இருந்த ஒரே பலவீனம். பேத்தியோடு மறுபடி உட்கார்ந்தார். ஃபேன் சுற்றியது. ஈர நாரின் மணம் வந்தது. பின்னாலேயே, பெருமுக்கல் வீட்டில் மாதா படத்துக்கு அடுத்த இடத்துக்கே போட்டி போடுகிற மாதிரி ஒரு காற்று வந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடி பிரிந்து பறந்தது. ஜெரால்டு மாமியாரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாம் நிமிடம் அந்தக் கை தளர்ந்து நாற்காலிக்கு வெளியே தொங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. குழந்தை முன்பே தூங்கியிருந்தது.

"மச்சான்" என்று கிசுகிசுத்தான் நியாஸ். "தூங்குறது கண்டிஷன்ல வருமா?"

"மூச்சு விடாத."

பன்னிரண்டேகால் பஸ் ஈ.சி.ஆர் பக்கமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இன்னாசிமேரி குறட்டையால் பதில் சொன்னார்.

ஒரு மணிக்குச் சற்று முன், வாசல் கொடியில் கிடந்த துண்டு அந்தப் பக்கம் பறப்பதை நிறுத்தி இந்தப் பக்கம் திரும்பியது. ஜெரால்டு நுனிக்காலில் போய்க் கூலரை அணைத்துவிட்டு, கிழக்கு ஜன்னலைத் திறந்தான். கடல்காற்று சொந்தக்காரன் மாதிரி நேராக உள்ளே வந்தது. சத்தம் நின்றதும் இன்னாசிமேரி கண் விழித்தார்.

"தண்ணி குடு ஜெசி."

ஜெசிந்தா ஜெரால்டைப் பார்த்தாள். ஜெரால்டு நியாஸைப் பார்த்தான். நியாஸ் பெட்டியைப் பார்த்தான்.

"பொட்டிக்கு ரெண்டு கொடம் ஊத்தத் தெரியுது" என்றார் இன்னாசிமேரி. "மாமியாருக்கு ஒரு டம்ளர் இல்ல."

ஜெரால்டு பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். கேன் தண்ணீரோடு அவன் திரும்பியபோது, வாசலில் வைத்திருந்த பை அங்கே இல்லை. உள்ளே, கட்டிலில் குழந்தைத் துணிகள் அடுக்கப்பட்டிருந்தன. அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"நாலு மணி பஸ்ஸுக்கு நான் மட்டும் போறேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா அந்தத் தண்ணியக் கொட்டணும், தெரியுதா? நீங்க கொட்ட வேணாம் மாப்பிள்ள. உங்களுக்குக் கை வராது. அவ கொட்டட்டும்."

"சரிங்க அத்த."

"நல்ல தண்ணிக்கு ஒரு வழி பண்ணுங்க."

"சரிங்க அத்த."

"எதுக்கு அழுவுறீங்க?"

"வேர்வைங்க அத்த."

மாமியாரை நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தபோது, காலையில் கொட்டிய தண்ணீர் வாசலில் காய்ந்து வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஜெரால்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பொருக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான். நல்ல மணி. முதல் தரம். வாயில் வைத்தும் பார்த்தான்.

"அங்க என்ன பண்றீங்க? புள்ளைய வாங்குங்க, நான் உலை வைக்கணும்" என்றாள் ஜெசிந்தா வாசலுக்கு வந்து. அவன் ஆவலோடு இரண்டு கையையும் நீட்டியதும் குழந்தையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கையக் கழுவிட்டு."

ஜெரால்டு போர் தண்ணீரில் கழுவினான். விரல் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தான். இன்னும் கரித்தது. உள்ளே போய், கேனைச் சாய்த்து, அரை டம்ளர் நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை கழுவிக்கொண்டு வந்து நீட்டினான்.